எலி ஆண்டு, ஏழாம் மாதம்

மங்கோலிய மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பெருநூல் ‘மங்கோலியரின் ரகசிய வரலாறு’. செங்கிஸ் கானின் முன்னோரில் தொடங்கி அவர் மகன் ஒகெதேயின் ஆட்சிவரை அது செல்கிறது. எங்கே, எப்போது எழுதி முடிக்கப்பட்டது என்பதையும் நூலின் கடைசிப் பகுதியே சொல்லிவிடுகிறது. இடம், கெர்லென் ஆற்றங்கரையில் உள்ள கொதே அரல். பெரும் பேரவை கூடியிருந்த சமயம். காலம், எலி ஆண்டின் ஏழாம் மாதம்.

இவ்வளவு சொல்லியும், நூல் எந்த ஆண்டில் முடிந்தது என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதாடுகிறார்கள். எலி ஆண்டு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துவிடும். 1228, 1240, 1252, 1264 நான்குமே எலி ஆண்டுகள். நான்குக்கும் ஆதரவாளர் உண்டு. செங்கிஸ் கான் 1227இல் இறந்தார், ஒகெதே 1229இல் அரியணை ஏறினார், இடையில்தான் அந்தப் பேரவை என்பது 1228ஐச் சொல்பவர்களின் வாதம். ஒகெதேயின் ஆட்சியைப் பற்றி நூலில் வருவதெல்லாம் பின்னால் சேர்த்தவை என்று அவர்கள் கொள்ள வேண்டியிருக்கிறது. 1240 என்றால் அந்தச் சிக்கல் இல்லை. மங்கோலியா அந்தக் கணக்கை ஏற்றுத்தான் 1990இல் நூலின் 750ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது.

எலிக்கு முன்னால் ஒரு நிறத்தைச் சேர்த்து எழுதியிருந்தால் இந்த வழக்கே எழுந்திருக்காது. 1228 மஞ்சள் எலி. 1240 வெள்ளை எலி. 1252 கறுப்பு எலி. 1264 நீல எலி.

நிறக் கணக்கு இப்படி நடக்கிறது. மரம், நெருப்பு, மண், இரும்பு, நீர் என்று ஐந்து மூலங்கள். மரத்துக்கு நீலம், நெருப்புக்குச் சிவப்பு, மண்ணுக்கு மஞ்சள், இரும்புக்கு வெள்ளை, நீருக்குக் கறுப்பு. ஒவ்வொரு நிறமும் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் இருக்கும். முதலாவது ஆண், இரண்டாவது பெண். ஆக, நிறச் சுற்று 10 ஆண்டு. விலங்குச் சுற்று 12 ஆண்டு: எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, செம்மறி, குரங்கு, கோழி, நாய், பன்றி. பத்துப் பல் சக்கரமும் பன்னிரண்டு பல் சக்கரமும் ஒன்றையொன்று கடித்துச் சுற்றுவதைப் போல இரண்டும் சேர்ந்து நகர்கின்றன. தொடங்கிய இடத்துக்கு இரண்டும் ஒருசேரத் திரும்ப 60 ஆண்டு ஆகும். பத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் 120 வருமே என்று கேட்கலாம். இரண்டுமே இரட்டைப்படை எண்கள் என்பதால் பாதிச் சேர்க்கைகள் ஒருபோதும் நேர்வதில்லை. எலி எப்போதும் ஆண் நிறத்தோடுதான் வரும், முயல் எப்போதும் பெண் நிறத்தோடுதான். 2024 நீல ஆண் டிராகன், 2025 நீலப் பெண் பாம்பு, 2026 சிவப்பு ஆண் குதிரை.

நூற்றாண்டுகளைப் பிரித்துச் சொல்ல 12 ஆண்டுச் சுற்று போதாது. உயிரோடு எதிரில் நிற்கும் ஆளுக்கு அது தாராளம். வயதைக் கேட்பதற்குப் பதில் ‘எந்த ஆண்டுக்காரர்’ என்று கேட்பது மங்கோலியாவில் சகஜம். குதிரை என்று பதில் வந்தால், அவருக்கு முப்பதுகளா நாற்பதுகளா என்பதை முகம் காட்டிவிடும். மிச்சத்தை மனக்கணக்கு முடித்துவிடும். பழைய முறையில் கருவில் இருந்த காலத்தையும் சேர்த்து, பிறந்த குழந்தைக்கே ஒரு வயது. ஆகவே பிறந்த விலங்கு திரும்பி வரும் ஆண்டுகள் 13, 25, 37, 49, 61, 73, 85 வயதில் வரும். அந்த ஆண்டில் கவனமாக இருக்கவேண்டும் என்பது நம்பிக்கை. மடத்துக்குப் போய்ப் பாராயணம் செய்விப்பார்கள்.

பன்னிரண்டில் ஒட்டகத்துக்கு இடமில்லை. கோபிப் பாலைவனத்தில் பாதி வாழ்க்கையை ஒட்டகத்தோடு கழிக்கும் மக்களுக்கு இது பெரிய குறைதான். அதனால் அதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். கடைசியாக மிஞ்சிய ஓர் இடத்துக்கு ஒட்டகமும் எலியும் போட்டியிட்டன. விடியலில் சூரியனின் முதல் கதிரை யார் பார்க்கிறார்களோ அவர்களுக்கு இடம். ஒட்டகம் கிழக்கே பார்த்து நின்றது. எலி அதன் திமிலில் ஏறி மேற்கே பார்த்தது. மேற்கு மலையின் உச்சியில்தான் முதல் ஒளி பட்டது. கோபத்தில் மிதிக்க வந்த ஒட்டகத்திடமிருந்து தப்பி எலி சாம்பல் மேட்டில் ஒளிந்துகொண்டது. சாம்பலைக் கண்டால் ஒட்டகம் இன்றும் விழுந்து புரள்வது அதனால்தான் என்கிறார்கள். இடம் கிடைக்காவிட்டாலும், எலியின் காது, முயலின் உதடு, பன்றியின் வால் என்று பன்னிரண்டின் அடையாளமும் ஒட்டகத்தின் உடலில் இருக்கிறது என்று கதை ஆறுதல் சொல்கிறது. ஒளி முதலில் உயரமான இடத்தில் படும் என்ற நோட்டம் இந்தக் கதைக்குள் இருக்கிறது. சமவெளியில் ஆடு மேய்ப்பவர்கள் தினமும் பார்ப்பது அது.

ஆண்டுக்குள் நான்கு பருவம், பருவத்துக்கு மூன்று மாதம். வசந்தத்தின் முதல் மாதம், நடு மாதம், கடை மாதம். பிறகு கோடையின் முதல் மாதம் என்று பெயர்கள் போகும். மாதத்தின் நாளைச் சொல்ல நிலவு போதும். ‘ரகசிய வரலாறு’ இதை ஓர் உயிர்ப்போராட்டத்தின் நடுவே காட்டுகிறது. பின்னாளில் செங்கிஸ் கானாகப்போகும் சிறுவன் தெமுஜினைத் தாய்ச்சியுத் குலத்தார் பிடித்துக் கழுத்தில் மரப்பூட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். கோடையின் முதல் மாதம், பதினாறாம் நாள், சிவந்த முழுவட்ட நாள் என்கிறது நூல். ஒனோன் ஆற்றங்கரையில் விருந்து முடிந்து கூட்டம் கலைந்ததும், காவலனை அந்த மரப்பூட்டாலேயே அடித்து வீழ்த்திவிட்டுத் தெமுஜின் ஓடுகிறான். ஆற்று நீரில் அமிழ்ந்து கிடக்கிறான். தேடி வருபவர்களுக்குப் பகல் போல நிலவு காய்கிறது. பதினாறு என்ற எண் அங்கே அலங்காரத்துக்கு வரவில்லை. அன்றிரவு ஒளிந்துகொள்வது எவ்வளவு கடினம் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. படிக்கத் தெரியாத ஒருவனும் அண்ணாந்து பார்த்துத் தேதி சொல்லும் நாட்காட்டி அது.

மேகம் மூடிய நாளிலும் தேதி வேண்டும், அடுத்த ஆண்டின் பண்டிகை எப்போது என்று இப்போதே தெரியவேண்டும் என்றால் கண் போதாது, கணிதம் வேண்டும். மங்கோலியாவுக்கு அந்தக் கணிதம் இந்தியாவிலிருந்து திபெத் வழியாகப் போனது.

காலசக்ர தந்திரம் என்ற பௌத்த நூல் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து திபெத்துக்குச் சென்றது. அதோடு வானியல் கணக்கும் சென்றது. திபெத்தியர்கள் தங்கள் 60 ஆண்டுச் சுற்றுகளை 1027இலிருந்து எண்ணுகிறார்கள், மங்கோலியர்களும் அப்படியே. சீனாவின் 60 ஆண்டுச் சுற்று நீல எலியில் தொடங்கும். இவர்களுடையது மூன்றாண்டு தள்ளிச் சிவப்பு முயலில் தொடங்கும். காரணம், அது பிரபவ ஆண்டு. நம் வீட்டுப் பஞ்சாங்கத்தின் பிரபவ, விபவ, சுக்கில என்ற அதே அறுபதுதான் அங்கே விலங்கோடும் நிறத்தோடும் சேர்ந்து நிற்கிறது. தமிழகத்தில் பிரபவ ஆண்டு கடைசியாக 1987இல் பிறந்தது. மங்கோலியாவில் 17ஆம் சுற்றும் அதே 1987இல்தான் பிறந்தது. 2024ஐ நாம் குரோதி என்றோம், அவர்கள் ‘சினம் கொண்டது’ என்ற பொருளில் ‘ஹிலென்ட்’ என்றார்கள். வட இந்தியாவில் இந்த அறுபது நம்மோடு ஒத்துவராது. வியாழனின் நடையை ஒட்டி அங்கே ஏறக்குறைய 85 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பெயரைத் தாண்டிவிடுவதால், அவர்கள் இப்போது 13 ஆண்டு முன்னே போய்விட்டார்கள். தென்னிந்தியாவும் திபெத்தும் மங்கோலியாவும் தாண்டாமல் எண்ணின. அதனால் சென்னைக்கும் உலான்பாத்தருக்கும் இடையே இந்தக் கணக்கு இன்றும் நேராக நிற்கிறது. புத்தாண்டு பிறக்கும் நாள் மட்டும் வேறு.

கணக்கின் உள்ளே போனால் இன்னும் நெருக்கம். ஒரு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, விநாழிகைக்கு 6 மூச்சு. பெருக்கினால் நாளுக்கு 21,600 மூச்சு. யோகம் படித்த தமிழர்களுக்கு இந்த எண் பழக்கமானது. ஒரு மூச்சு என்பது 4 விநாடி. திபெத்தில் கணிப்பவர்கள் பலகையில் பொடியைப் பரப்பி, குச்சியால் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அழித்து அழித்துக் கணக்கிட்டார்கள். இந்த மரபைக் கற்ற மங்கோலிய லாமாக்களும் அந்த முறையையே கற்றார்கள். அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைவரை சராசரியாக எவ்வளவு காலம் என்பதற்கு அவர்களுடைய அளவு இது: 29 நாள், 31 நாழிகை, 50 விநாழிகை, 0 மூச்சு, மிச்சமாக ஒரு மூச்சின் 707 பங்கில் 480 பங்கு.

அந்தக் கடைசிப் பின்னம் இரண்டே முக்கால் விநாடிக்கும் குறைவு. இதை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்? பதின்பின்னமாக மாற்றிப் பார்த்தால் விடை தெரியும்: 29.530587 நாள். இன்றைய வானியல் தரும் அளவு 29.530589. வித்தியாசம் மாதத்துக்கு ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு. ஆயிரம் ஆண்டுகள் இந்தக் கணக்கை அப்படியே ஓட்டினால் சராசரி அமாவாசை அரை மணி நேரம் பிசகும், அவ்வளவே. தொலைநோக்கி இல்லை, ஊசல் கடிகாரம் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கிரகணங்களைக் குறித்துவைத்து, நீண்ட இடைவெளியை மாதங்களின் எண்ணிக்கையால் வகுத்து வகுத்து எட்டிய துல்லியம். பொடிப்பலகையில் ஒரு மூச்சின் சிறு துணுக்கைக்கூடத் தவறவிடாமல் எழுதிய கைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

மங்கோலியாவில் இன்று வழங்கும் கணக்கை வகுத்தவர் சும்ப கம்பொ இஷ்பல்ஜிர் (1704–1788). கோகோநோர் பகுதியில், இன்றைய சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில் பிறந்தவர். லாசாவில் படித்தவர், துறவி, வரலாற்று ஆசிரியர், கணிதர். 1747ஐத் தொடக்கப்புள்ளியாக வைத்து அவர் அமைத்த முறைக்கு ‘தோக்ஸ் புயந்த்’ என்று பெயர். பழைய திபெத்திய முறையின் மாத அளவையும் ஆண்டு அளவையும் அவர் மாற்றவில்லை. தொடக்க மதிப்புகளை மட்டும் புதிதாக வைத்தார். அதனால் கூடுதலாகச் சேர்க்கும் அதிக மாதம் எங்கே விழும் என்பது மாறியது. 1911இல் மங்கோலியா சிங் பேரரசிலிருந்து விடுதலையை அறிவித்து, டிசம்பர் 29 அன்று பௌத்த மதத் தலைவர் போக்த் கானை அரியணையில் ஏற்றியபோது, இந்த முறையே அரசின் நாட்காட்டியானது.

நாள்கள் எண்ணப்படும் விதம் திதியை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. சூரியனைவிட்டு நிலவு 12 பாகை விலக எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நிலவு நாள். மாதத்துக்கு அப்படி 30. நிலவு பூமியை நெருங்கும்போது வேகமாகவும் விலகும்போது மெதுவாகவும் ஓடுவதால், சில நிலவு நாள்கள் 24 மணி நேரத்துக்குக் குறைவு, சில அதிகம். விடியலில் எந்த நிலவு நாள் நடக்கிறதோ அதன் எண்தான் அன்றைய தேதி. குட்டையான நிலவு நாள் ஒன்று விடிந்தபின் தொடங்கி அடுத்த விடியலுக்குள் முடிந்துபோனால், அந்தத் தேதி நாட்காட்டியிலேயே இராது. மங்கோலியர்கள் அதை அறுந்த நாள் என்கிறார்கள். நீளமான நிலவு நாள் இரண்டு விடியல்களைத் தொட்டுவிட்டால் ஒரே தேதி இரண்டு முறை வரும். அது இரட்டை நாள். ஏழாம் தேதிக்குப் பிறகு ஒன்பதாம் தேதி வருவதையும், பன்னிரண்டாம் தேதிக்கு மறுநாளும் பன்னிரண்டாகவே இருப்பதையும் அச்சடித்த நாட்காட்டியில் சாதாரணமாகப் பார்க்கலாம். நம் பஞ்சாங்கக்காரர்கள் அவமாகம், திரிதினஸ்பிருக் என்று குறிப்பவை இவைதாம். நாம் அவற்றைத் திதியோடு நிறுத்திக்கொண்டு தேதியைச் சூரியனிடம் கொடுத்துவிட்டோம். மங்கோலியர்கள் தேதியையே நிலவிடம் கொடுத்தார்கள்.

நிலவிடம் இத்தனை நேர்மையாக நடந்துகொண்ட நாட்காட்டி சூரியனிடம் அப்படி நடந்துகொள்ளவில்லை. இந்த நாட்காட்டியில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த ஓரவஞ்சனைதான்.

பன்னிரண்டு நிலவு மாதம் 354 நாளும் சற்றும். சூரிய ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் குறைவு. அப்படியே விட்டால் வசந்த மாதம் பனிக்குள் போய்விடும். அவ்வப்போது ஓர் அதிக மாதத்தைச் சேர்த்தாகவேண்டும். சீன நாட்காட்டி வானில் சூரியன் உண்மையில் இருக்கும் இடத்தைப் பார்த்து அதைச் சேர்க்கிறது. காலசக்ர மரபு ஒரு விகிதத்தை நம்புகிறது: 65 சூரிய மாதமும் 67 நிலவு மாதமும் சமம். அதாவது 65 மாதத்துக்கு இரண்டு மாதம் கூடுதல். 32 அல்லது 33 மாதத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் இரண்டு முறை வரும். மனத்தில் வைத்துக்கொள்ள அழகான விகிதம். அதிலிருந்து வரும் ஆண்டின் நீளம் 365.2706 நாள். பருவங்கள் திரும்பும் உண்மையான ஆண்டு 365.2422 நாள். 35 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நாட்காட்டி பின்தங்குகிறது. 1747இலிருந்து இன்றுவரை மட்டும் ஏறக்குறைய 8 நாள்.

இதன் விளைவு பண்டிகையில் தெரிகிறது. வசந்தத்தின் முதல் மாதம் முதல் நாள் ‘சகான் சார்’, வெள்ளை மாதம், மங்கோலியப் புத்தாண்டு. குப்ளாய் கானின் அரசவையில் பிப்ரவரியில் எல்லாரும் வெண்ணிற ஆடை உடுத்தி, வெள்ளைக் குதிரைகளைக் காணிக்கையாகத் தந்த விழாவை மார்க்கோ போலோ விவரித்திருக்கிறார். 2024இல் மங்கோலியப் புத்தாண்டும் சீனப் புத்தாண்டும் ஒரே நாளில், பிப்ரவரி 10 அன்று வந்தன. 2023இல் சீனாவுக்கு ஜனவரி 22, மங்கோலியாவுக்கு பிப்ரவரி 21. 2025இல் சீனாவுக்கு ஜனவரி 29, மங்கோலியாவுக்கு மார்ச் 1. சீனாவின் உள் மங்கோலியாவில் வாழும் மங்கோலியர்கள் சீனத் தேதியைப் பின்பற்றுவதால், ஹோஹோட்டில் ஒரு குடும்பம் புத்தாண்டைக் கொண்டாடி முடித்து ஒரு மாதம் கழிந்த பிறகு, உலான்பாத்தரில் அதே மொழி பேசும் உறவினர் வீட்டில் விருந்து தொடங்குகிறது. இரண்டு நகரத்திலும் நிலவு ஒன்றுதான், அமாவாசையும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த அமாவாசையைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பிரிகிறார்கள். சூரியக் கணக்கு பின்தங்கப் பின்தங்க, இந்த ஒரு மாத இடைவெளி விழும் ஆண்டுகள் அதிகமாகும்.

புத்தாண்டுக்கு முந்தைய இரவின் பெயர் ‘பித்தூன்’. நிலவே தெரியாத இரவு. வாசலில் மூன்று பனிக்கட்டித் துண்டுகளை வைக்கிறார்கள். பல்தன் லாமோ என்ற காவல் தெய்வம் அன்றிரவு வீடு வீடாக வருவதாகவும், அவளுடைய வாகனம் அந்தப் பனியில் தாகம் தீர்த்துக்கொள்ளும் என்றும் நம்பிக்கை. உள்ளே மேசையில் நீளமான ரொட்டிகளை 3, 5, 7 என்று ஒற்றைப்படை அடுக்குகளாக அடுக்கி, மேலே உலர்ந்த தயிர்க்கட்டிகளையும் இனிப்புகளையும் வைத்திருப்பார்கள். இறைச்சி பொதிந்த ‘பூஸ்’ கொழுக்கட்டை நூற்றுக்கணக்கில் ஏற்கெனவே செய்து வெளியே குளிரில் உறைய வைக்கப்பட்டிருக்கும். விடிந்ததும் இளையவர்கள் கைகளை நீட்டிப் பெரியவர்களின் முழங்கையைத் தாங்கி வணங்குவார்கள்.

அப்படியானால், பருவத்தைப் பிசகவிடும் நாட்காட்டியை வைத்துக்கொண்டு மேய்ப்பர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? பருவத்துக்கு அவர்கள் அதை நம்பவே இல்லை என்பதுதான் பதில். குளிருக்கு அவர்களிடம் தனிக் கணக்கு இருந்தது.

அதன் பெயர் ‘யெசன் யெஸ்’, ஒன்பது ஒன்பதுகள். ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் டிசம்பர் 22 வாக்கில் தொடங்கி, ஒன்பது ஒன்பது நாளாக 81 நாள். இதில் நிலவுக்கு வேலையே இல்லை. முழுக்கச் சூரியக் கணக்கு. ஒவ்வொரு ஒன்பதுக்கும் ஓர் அடையாளம் சொல்வார்கள். முதல் ஒன்பதில் பாலிலிருந்து வடித்த சாராயம் உறையும். இரண்டாவதில் இருமுறை வடித்த சாராயமும் உறையும். மூன்றாவதில் மூன்று வயது மாட்டின் கொம்பு விறைக்கும். நான்காவதில் நான்கு வயது மாட்டின் கொம்பும் விறைக்கும். ஐந்தாவதில் சமைத்த சோறு உறையாது. ஆறாவதில் பனி விலகிப் பாதை கறுத்துத் தெரியும். ஏழாவதில் மேடுகளின் தலை வெளிப்படும். எட்டாவதில் தரை ஈரமாகும். ஒன்பதாவதில் வெதுவெதுப்பு வரும்.

இதை வெறும் வழக்காறு என்று கடந்துபோகக் கூடாது. இது ஒரு வெப்பமானி. நீரில் சாராயச் சத்து கூடக்கூட அது உறையும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே போகும். 40 சதவீதம் இருந்தால் சுமார் மைனஸ் 27 டிகிரிவரை உறையாது. ஒருமுறை வடித்ததும் இருமுறை வடித்ததும் அந்த அளவுகோலில் இரண்டு கோடுகள். அதற்கும் கீழே போன குளிரை அளக்கக் கொம்பு. மாட்டுக் கொம்பின் உள்ளே ரத்தம் ஓடும் எலும்பு இருக்கிறது. இளம் மாட்டின் சிறிய கொம்பு முதலில் குளிருக்குத் தோற்கும், பெரிய கொம்பு பிறகு. கொம்புகள் விறைக்கும் மூன்றாம், நான்காம் ஒன்பதுகள் ஜனவரி 9 முதல் 26 வரை விழுகின்றன. மங்கோலியாவின் உச்சக் குளிர் அந்த நாள்களை ஒட்டித்தான். பகல் நீளத் தொடங்கி மூன்று வாரம் ஆனபிறகும் குளிர் ஏறிக்கொண்டே போவது ஏன் என்பதும் தெளிவு: வரும் வெயிலைவிட நிலம் இழக்கும் வெப்பம் அதிகமாக இருக்கும்வரை தரை குளிர்ந்துகொண்டேதான் இருக்கும். அந்தப் பிந்தலை இந்தக் கணக்கு சரியாகப் பிடித்திருக்கிறது.

விலங்கு ஆண்டுகளை வைத்துக் குளிரைச் சொல்லும் வழக்கமும் உண்டு. அது இவ்வளவு உறுதியானதல்ல. மேய்ச்சல் நிலம் பனிக்கட்டியால் மூடி, கால்நடைகள் கூட்டம் கூட்டமாகப் பட்டினியில் சாகும் கொடுங்குளிரை ‘சுத்’ என்கிறார்கள். குரங்கு ஆண்டில் சுத் வரும் என்பது பரவலான அச்சம். 1944, 1968 இரண்டுமே குரங்கு ஆண்டுகள். இரண்டையும் ஒட்டிக் கடும் சுத் வந்தது உண்மை. ஆனால் 1999இலிருந்து 2002வரை தொடர்ந்து மூன்று குளிர்காலம் அடித்த சுத்துக்கும் குரங்குக்கும் தொடர்பில்லை. 80 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொன்ற 2009–10 சுத், மாட்டு ஆண்டில் தொடங்கிப் புலி ஆண்டில் முடிந்தது. பன்னிரண்டு பெயர்கள் பேரழிவுகளை நினைவில் நிறுத்திக்கொள்ள உதவுகின்றன. முன்கூட்டிச் சொல்ல உதவுவதில்லை. ஒன்பதுகள் சூரியனோடு கட்டப்பட்டவை, அதனால் பலிக்கின்றன. குரங்கு எதனோடும் கட்டப்படவில்லை.

நாளுக்குள் நேரம் பார்ப்பதும் சூரியனைக் கொண்டுதான், அதுவும் வீட்டுக்குள்ளேயே. மங்கோலியக் கூடாரமான ‘கெர்’ தெற்கு நோக்கி வாசல் வைத்து நிறுத்தப்படும். உச்சியில் ‘தோனோ’ என்ற வட்டத் திறப்பு. அதன் வழியே விழும் ஒளிக்கற்றை காலையில் மேற்குப் பக்கத்துக் கூரைக் கழிகளில் பட்டு, மெல்லக் கீழிறங்கி, ஆண்கள் அமரும் மேற்குப் பக்கத்தைக் கடந்து, நண்பகலில் வாசலுக்கு நேர் எதிரே வடக்குப் பகுதிக்கு வரும். மதியத்துக்குமேல் கிழக்கே, அடுப்பங்கரைச் சாமான்கள் இருக்கும் பக்கம் ஏறும். நாளை 12 பகுதியாகப் பிரித்து அதே 12 விலங்குகளின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நண்பகல் குதிரை நேரம், நள்ளிரவு எலி நேரம். எந்தக் கழியில் ஒளி இருக்கும்போது பால் கறப்பது, எப்போது மந்தையைத் திருப்புவது என்பதைப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள்.

20ஆம் நூற்றாண்டு இந்தக் கணக்குகளை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. 1930களின் இறுதியில் கம்யூனிச ஆட்சியில் மடங்கள் இடிக்கப்பட்டன, லாமாக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். பொடிப்பலகையில் கணக்கிடத் தெரிந்தவர்கள் அவர்களுக்குள்தான் இருந்தார்கள். 1944இல் உலான்பாத்தரின் கந்தன் மடம் ஒன்று மட்டும் மீண்டும் திறக்க அனுமதிக்கப்பட்டது. சகான் சார் ஒடுக்கப்பட்டு, கூட்டுப்பண்ணை மேய்ப்பர் நாள் என்ற பெயரில் நாட்டுப்புறத்தில் மட்டும் உயிர்பிழைத்தது. 1990இன் ஜனநாயக மாற்றத்துக்குப் பிறகு பழைய பெயரோடும் முழு விடுமுறையோடும் அது திரும்பிவிட்டது. இன்று நாதம் என்னும் தேசிய விளையாட்டு விழா ஜூலை 11 அன்று ஆங்கிலத் தேதியில் தொடங்குகிறது. செங்கிஸ் கானின் பிறந்தநாளைக் குறிக்கும் பெருமை நாள் 2012முதல் அரசு விடுமுறை. அது குளிர்காலத்தின் முதல் மாதம் முதல் நாளில், நிலவுத் தேதியில் வருகிறது. அன்றாடச் செய்திகளில் அன்றைய நிலவுத் தேதியும், அன்று முடி வெட்டினால் என்ன பலன் என்பதும் சேர்ந்தே வருகின்றன. முதலாவது, நூற்றாண்டுகளின் வானியல். இரண்டாவதுக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஒரே வரியில் அச்சாவதால் இரண்டையும் ஒன்றாக ஏற்கவோ ஒன்றாகத் தள்ளவோ வேண்டியதில்லை.

சூரியப் பிசகைத் திருத்த முடியாதா என்றால், கணக்கு எளிதுதான். 65க்கு 67 என்ற விகிதத்தை எடுத்துவிட்டு 228க்கு 235 என்று வைத்தால் போதும். 19 ஆண்டில் 7 அதிக மாதம். நிலவு மாதத்தின் அந்த 707 பங்குப் பின்னத்தைத் தொடவே வேண்டாம். ஆண்டின் நீளம் 365.2467 நாளாகும், ஒரு நாள் பிசக 220 ஆண்டு பிடிக்கும். நான் அதைத்தான் செய்வேன். ஆனால் 65க்கு 67 என்பது காலசக்ர மரபின் வேரில் இருக்கிறது. அதை மாற்றினால் சும்ப கம்பொவின் அட்டவணைகளிலிருந்தும் திபெத்தியக் கணக்கிலிருந்தும் பிரியவேண்டிவரும். மாற்றாமல் விட்டால் 2700 வாக்கில் பிசகு இன்னும் 19 நாள் கூடியிருக்கும். இன்று மார்ச் தொடக்கத்தைத் தாண்டாத வெள்ளை மாதம், அப்போது சில ஆண்டுகளில் மார்ச் 20ஐ ஒட்டி, இரவும் பகலும் சமமாகும் நாளில் பிறக்கும். ஒன்பது ஒன்பதுகள் அதற்கு ஒரு வாரம் முன்பே முடிந்திருக்கும்.